பாளையங்கோட்டையில் அறை எடுத்த கதை

என் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் பாளையங்கோட்டையில் மாடி வீடு இருக்கிறது. அதே பாளையங்கோட்டையில் நான் லாட்ஜில் அறை எடுத்தேன். இதுதான் நான் செய்த குற்றம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பெண் வேறு என்ன செய்தாலும் பத்து நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரில் காசு கொடுத்துத் தங்கினால் மட்டும் விடமாட்டார்கள். குடும்பத்துக்குள் சண்டை என்று ஊருக்கே தண்டோரா போட்டதாக அர்த்தம். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று ஓர் ஆள் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருப்பது கல்லிடைக்குறிச்சியில். பாளையங்கோட்டை ஒரு மணி நேரப் பயணம்தான். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, சாவு வீட்டில் துஷ்டி கேட்க என்று நூறு தடவையாவது போயிருப்பேன். ஊரைப் பார்க்க ஒரு தடவைகூடப் போனதில்லை. இத்தனைக்கும் நான் மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஊர் அது. தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று எங்கள் ஆட்கள் கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொள்வார்கள். திரும்பின பக்கமெல்லாம் கல்லூரியும் பள்ளிக்கூடமும்தான். ஆனால் ஹாஸ்டல் பெண்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் வெளியே போக அனுமதி. முன்னால் ஒரு வார்டன், பின்னால் ஒரு வார்டன், நடுவில் நாங்கள் வரிசையாகப் போவோம். சோப்பும் தலைக்கு எண்ணெயும் வாங்கிவிட்டு அதே வரிசையில் திரும்ப வேண்டும். சர்ச்சின் ஊசிக்கோபுரத்தைப் போகிற போக்கில் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அந்த மூன்று வருஷமும் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தூத்துக்குடிக்காரி. கடற்கரைக் கிறிஸ்தவர்கள், எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள் என்பார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவள், போன மே மாதம் விருப்ப ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற இரண்டாவது வாரமே எனக்குப் போன் செய்தாள்.

"ஏட்டி, நாம அந்த ஊரை ஒழுங்காப் பாத்ததே இல்லல்லா? ரெண்டு நாளு போயி டூரிஸ்ட்டு மாதிரி சுத்துவமா?"

அப்போதே சரி என்றேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன்தான். பிள்ளைகள் சுற்றுலாவுக்குப் போகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சனிக்கிழமை காலை முதல் ரயிலில் நான், பஸ்ஸில் அவள். முதலில் மியூசியம். பிறகு பழைய கோட்டையில் இன்னும் மிச்சம் நிற்கிறதைத் தேடிப் பார்ப்பது. கல்லூரியில் வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடியாவது நாங்கள் உட்கார்ந்து படித்த வராந்தாவில் அரை மணி நேரம் உட்காருவது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். யாருக்கும் காப்பி போட எழுந்திரிக்க வேண்டாத மத்தியானத் தூக்கம்! ஞாயிறு காலை அவளுக்குச் சர்ச்சில் பூசை, எனக்குக் குறுக்குத்துறையில் ஆற்றுக் குளியல். பிறகு ஜங்ஷனில் அல்வா வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்கு. தங்குவதற்கு ஒரே அறை, இரண்டு கட்டில், ராத்திரி பேச்சு.

இதை வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. "போறதுதான் போற, அப்படியே எங்க மாமாவை ஆஸ்பத்திரியில ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு" என்றார். மறுநாள், "அப்படியே டவுன்ல நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும்" என்றார். அவருடைய தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை. எங்கள் பக்கத்தில் பத்திரிகையை நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் பத்திரிகை. அதற்கு மறுநாள், "அப்படியே மோட்டாரை ரிப்பேர் பண்ணித் தராம இழுக்கிற அந்தக் கடைக்காரனை ஒரு சத்தம் போட்டுட்டு வா." இந்த 'அப்படியே'யைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். ஒரு பொம்பளை தனக்கென்று எடுத்துவைத்த இரண்டு நாளை, கோபிக்கக்கூட இடம் கொடுக்காமல் துண்டு துண்டாகப் பிய்த்துத் தின்றுவிடுகிற வார்த்தை அது. நான் எல்லாவற்றுக்கும் முடியாது என்றேன். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

லாட்ஜுக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் வயதானவர்.

"எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேரு அண்ணாச்சி. லேடீஸ்."

"ஆம்பளை யாரும் கூட வரலையா?"

"ஏன், ஆம்பளை வந்தாத்தான் கதவு தொறக்குமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆதார் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அங்கேதான் வினை வந்தது. கார்டில் தெருப் பெயர் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்களுக்கு ஒரு தெருப் பெயர் கிடைத்தால் போதும். யார் வீடு, யார் மகன், எந்த ஊரில் பெண் எடுத்தான் என்று வேர் வரைக்கும் தோண்டிவிடுவார்கள். அவர் தோண்டினார். என் வீட்டுக்காரருடைய அக்கா புருஷனும் அவரும் காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்களாம். மறுநாள் நடையில், "உங்க மச்சினன் சம்சாரம் நம்மட்ட ரூம் போட்டிருக்காங்களே, வீட்டுல ஏதும் மனஸ்தாபமா அண்ணாச்சி?" என்று நல்ல எண்ணத்தோடு கேட்டிருக்கிறார். ஒன்பது மணிக்குள் எங்கள் வீட்டுப் போன் அலற ஆரம்பித்துவிட்டது.

மதினி என்று நான் கூப்பிடுவது வீட்டுக்காரரின் அக்காவை. அவர் போனில் அழுதார். தன் வீட்டில் சோறில்லாமல் போய்விட்டதா, பாய் இல்லாமல் போய்விட்டதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "ரூமை கேன்சல் பண்ணு. ரெண்டு பேரும் அக்கா வீட்டுல தங்கிக்கிடுங்க" என்றார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "உனக்கு வரவரத் திமிரு ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குக் கல்யாணமான ஒரு மாதத்தில் மதினி எங்களைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். தூத்துக்குடிக்காரி அப்போது அதே ஊரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். நீயும் வா என்று நான்தான் கூப்பிட்டேன். கையில் ஒரு குத்துவிளக்குப் பரிசோடு வந்தாள். எல்லோரும் வரிசையாக இலையில் சாப்பிட்டோம். அவள் எனக்கு அடுத்த இலை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி சாப்பிட்ட இலையை விருந்தாளி எடுக்கக் கூடாது, வீட்டுக்காரர்கள்தான் எடுக்க வேண்டும். வழிப்போக்கனாக இருந்தாலும் சாப்பிட உட்கார்த்தி வைத்துவிட்டால் அவன் கை இலையில் படவிட மாட்டார்கள். அன்றைக்கு மதினி எல்லா இலையையும் எடுத்துக்கொண்டே வந்தார். இவளிடம் வந்ததும் நின்று, "நீ உன் இலையை எடுத்துப் பின்வாசல் வழியாப் போட்டுரும்மா" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். இவள் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு இலையை மடித்து, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, பதினைந்து பேருக்கு முன்னால் பின்வாசலுக்கு நடந்தாள். வெளியிலேயே குழாயில் கை கழுவிவிட்டு அப்படியே சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

நான் புதுப்பெண். கழுத்து நிறைய நகை. என் இலையைப் பார்த்துக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்கும் வந்ததில்லை. என் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்து, மண்டபத்திலிருந்தே திரும்பிவிட்டாள். கடிதத்திலும் போனிலுமாகவே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த இலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்படிப்பட்டவளை மறுபடி அந்த வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போவேனா? அதற்குத்தான் லாட்ஜ்.

வியாழக்கிழமை மதினியே நேரில் வந்துவிட்டார். எழுபது வயதில், முட்டு வலியோடு, பஸ்ஸில். கையில் ஒரு பை நிறைய மாம்பழம். அதைப் பார்த்ததும் என் கோபம் கொஞ்சம் தடுமாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பி குடித்துவிட்டு மெல்லப் பேச்சை ஆரம்பித்தார்.

"அந்தப் பிள்ளையும் வரட்டும், எனக்கு என்ன? இப்ப காலம் மாறிட்டுல்லா. கீழ ஒரு ரூமு சும்மாதான் கிடக்கு. பாத்ரூமு தனியா இருக்கு. அவ அங்கன படுத்துக்கிடட்டும், நீ மாடியில எங்க கூட இரு. சாப்பாட்டைக் கீழயே கொண்டுபோயிக் குடுத்துருவோம்."

"சாப்பிட்ட பிறவு இலையை யாரு எடுப்பா மதினி?" என்று கேட்டேன்.

"எந்த இலை?"

அவருக்கு நினைவே இல்லை. நடிக்கவில்லை, உண்மையாகவே நினைவில்லை. எனக்குள் எது அறுந்ததோ தெரியாது, அத்தனையையும் கொட்டினேன். அந்த வரிசை, அந்தக் குத்துவிளக்கு, பின்வாசல், குழாய். என் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து, "அக்கா இம்புட்டு தூரம் வந்திருக்கா, பழைய கதையை எதுக்குக் கிண்டுத?" என்றார். உங்களுக்கு அது பழைய கதை, இலையைத் தூக்கினவளைப் போய்க் கேளுங்கள் என்று அவரையும் விடாமல் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. கத்தக் கத்த நன்றாக இருந்தது.

மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"அப்ப நீ எங்கன இருந்த?"

"பக்கத்து இலையில."

"பின்ன, நீ எடுத்திருக்கலாம்லா?"

முப்பது வருஷமாக மதினிமேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்தை அவரே ஒரு கேள்வியில் என் பக்கம் திருப்பிவிட்டார். புதுப்பெண் எப்படி எடுப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுந்து கையை நீட்டியிருந்தால் அந்த இலையைப் பிடித்திருக்கலாம். யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள்.

அன்று ஆறு மணிக்கு வழக்கம்போல் அவள் போன் செய்தாள். மதினி வந்ததையும், வீட்டில் நடந்த சண்டையையும், நான் யார் யாருக்கு என்னென்ன பதில் கொடுத்தேன் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவளுக்காகச் சண்டை போட்டேன் என்று அவள் சந்தோஷப்படுவாள் என நினைத்தேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றாள். "ஒண்ணு கேக்கேன். நீ அன்னைக்கு அதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ குனிஞ்சுக்கிட்டு இருந்தல்லா. அவங்க சொன்னது உன் காதுல விழலன்னு நெனச்சேன். இவ்வளவு வருஷமும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சின்ன வயசு, பயம், புது இடம் என்று இருக்கும். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளை காரணம் சொல்லும்போது அப்படித்தான் கேட்டிருப்பாள்.

"சரி, டூரை நிறுத்திரட்டுமா? ரூமை வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றேன்.

"வேண்டாம். எனக்கு ஊரைப் பாக்கணும். சனிக்கிழமை வாரேன்" என்றாள். "ரூமு மட்டும் ரெண்டாப் போட்டுரு."

லாட்ஜுக்குப் போன் செய்து இன்னொரு அறை கேட்டேன். இருக்கிறது என்றார்கள்.