ஐந்தாம் மாடியில் யூட் அண்ணன்

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீடு, அண்ணனின் கால்வலிக்குத் தேய்க்கும் ‘நோவெண்ணெய்’ மணத்தது. ஈஸ்ட் ஹாமில் கவுன்சில் வாடகைக்கு விட்டிருந்த கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில், ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடக்க, ஹீட்டர் சூட்டில் அந்த வாடை திரைச்சீலையிலும் என் பள்ளிச் சீருடையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. அண்ணன் யூட்டுக்கு இருபத்திரண்டு. ஆறடி ஐந்து அங்குலம். கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய தமிழர் வேறு ஒருவரையும் நாங்கள் அறிந்ததில்லை. பதினொரு மாதம் அப்படி ஆடியவர், ஓர் ஆட்டத்தில் பந்தோடு எழும்பி இறங்கும்போது முழங்கால் திரும்பிச் சவ்வு அறுந்து, சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டில் வந்து படுத்தார். லிப்ட் வாரத்தில் பாதி நாள் வேலை செய்யாது. ஊன்றுகோலோடு ஐந்து மாடி இறங்க முடியாமல், கட்டிலுக்கு வெளியே பாதங்கள் நீண்டிருக்க, கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

மன்னாரிலிருந்து எங்களைத் தனியாளாகக் கூட்டிவந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்லுவேன். அம்மா என்னைக் குமாஸ்தா என்ற பொருளில் ‘கிளாக்கர்’ என்பார். கார்த்திகையில், அண்ணன் ஆடிய கூடைப்பந்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் அதை வாசித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தார்.

“என்னைக் கழகத்திலயிருந்து விட்டிட்டினம். அம்மாவுக்குச் சொல்லாதை. கால் சுகமானவுடனை வரச் சொல்லியிருக்கினம் எண்டு வாசி.”

மாலையில் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை என்னிடம் நீட்டினார். எழுத்துகளில் கண்ணை ஓடவிட்டு, அங்கே இல்லாததை வாசித்தேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் அடைபட்டுக் கிடந்தோம். கழகம் எப்போது கூப்பிடும் என்று அம்மா கேட்கக் கேட்க, நான் புதிது புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. கதவடியில் தபால் விழும் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் எடுப்பேன். தேவாலயத்தில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின்போது பாதரிடம் சொல்லிவிடலாம் என்றால், அவர் அம்மாவோடு நன்றாகப் பழகுகிறவர்; பயத்தில் அதையும் விழுங்கினேன்.

மாசியில் ஒரு ஞாயிறு, லிப்ட் வேலை செய்ததால், அண்ணன் கோயிலுக்கு வந்தார். பூசை முடிவில் பாதர், “எங்கட யூட் திரும்பவும் விளையாடப் போறார், அவருக்காக மன்றாடுவம்” என்றார். அம்மாதான் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். சனம் கைதட்டியது. அண்ணன் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பினார்.

“மன்னிக்கோணும் பாதர். அவை என்னை விட்டு மூண்டு மாசமாகுது. தங்கச்சியைப் பொய் வாசிக்க வைச்சது நான்தான். அவளில பிழையில்லை.”

பஸ் தரிப்பிடத்தில் அம்மா அண்ணனைக் கேட்டார். “ஏன் அவளைக்கொண்டு சொல்லுவிச்சனீ? உனக்கு வாய் இல்லையே?”

அடுத்த மாதமே அம்மா இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். பிறகு ஒரு கடிதத்தையும் என்னிடம் தரவில்லை. அது எனக்குத் தண்டனையாகவே பட்டது.

இப்போது அம்மா இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டார்கள், கழகமும் கலைந்துபோனது. அண்ணன் அங்கிருந்து சற்றுத் தள்ளிச் செவன் கிங்ஸில் இருந்துகொண்டு கார் ஓட்டப் பழக்குகிறார். இதை எழுதப்போவதாகச் சொன்னபோது, “காலைப் பற்றித்தானே எழுதப்போறாய்? எல்லாரும் அதைத்தான் கேக்கினம். நான் எப்பிடி விளையாடினனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார்.

அவர் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.