ஆயுத பூஜையில் ஓடிய அப்டேட்

கலைவாணனுக்குக் கை முந்தும், வாய் பிந்தும். வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை பார்த்தபோது மேஸ்திரியின் பல்லை உடைத்தான். காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை டிசைனுக்குத் தறியில் மாட்டும் ஜக்கார்டு துளை அட்டை அடிக்கும் கடை வைத்தபிறகு கீபோர்டுகளை உடைத்தான். கீபோர்டு போலீசுக்குப் போகாது என்பதால், ஆள் திருந்திவிட்டான் என்று தெருவே பேசிக்கொண்டது.

கடையின் டிசைன் எல்லாம் அவன் மைத்துனன் சிவபாலனின் வலது கையில் பிறப்பவை. யாளியையும் அன்னத்தையும் அவன் திரையில் வரைவான். பழைய மிஷின் அதைப் பார்த்து அட்டையில் துளை போடும். அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளாக எந்த வகை லினக்ஸ் இருக்கவேண்டும் என்பதில்தான் இருவரும் கீரியும் பாம்பும்.

"டெபியன்ல வர்றது நல்லா ஊறின ஊறுகாய்பா. கெட்டுப்போவாது" என்பான் கலைவாணன்.

"ஊறுகாயே சோறாயிடுமா மாமா? சேலைக் கடைக்காரன் அனுப்புற டிசைன் ஃபைலு அதுல தொறக்கவே மாட்டேங்குது. ஆர்ச்சுன்னா அன்னன்னிக்குப் பறிச்ச கீரை. பேக்மேன்னு அதோட கமாண்டுல ஒரு வரி அடிச்சா எல்லாம் ஒண்ணா புதுசாயிடும்."

நடுவே ஃபெடோரா என்று ஒன்று உண்டே என்று வாய்விட்ட வாடிக்கையாளரை இருவரும் சேர்ந்து திட்டினார்கள். கடைசியில் ஆர்ச் வென்றது, கல்யாண சீசன் முடியும்வரை அப்டேட் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆயுத பூஜை வந்தது. மிஷினைத் துடைத்தார்கள், இரும்பு ஸ்கேலுக்குக் குங்குமம் வைத்தார்கள். கம்ப்யூட்டரின் உள்ளே யார் துடைப்பது? சிவபாலன் பக்தியோடு முழு அப்டேட்டை ஓடவிட்டுச் சூடம் காட்டினான்.

விஜயதசமி காலையில் முதல் அட்டை விழுந்தால்தான் வருஷம் விளங்கும் என்பது கலைவாணனின் நம்பிக்கை. மிஷின் அசையவில்லை. லினக்ஸின் கருவான கெர்னல் புதிதாகிவிட்டது, மிஷினை அதோடு பேசவைக்கும் டிரைவரோ பழைய கெர்னலுக்கென்று கட்டியது.

"பூஜைக்கு சுத்தம் பண்ணேன் மாமா. இரு, சரி பண்ணிர்றேன்" என்று சிவபாலன் கீபோர்டில் கை வைத்தான்.

இரும்பு ஸ்கேல் கலைவாணன் கைக்கு எட்டியது. ஓங்கி அந்த வலது கைமேல் அடித்தான். இரண்டாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் நன்றாகவே கேட்டது. கேட்டும் மூன்றாவதை இறக்கினான், பாவி.

"அடிக்காத மாமா. பழைய பேக்கேஜெல்லாம் கம்ப்யூட்டரோட கேஷு ஃபோல்டர்ல பத்திரமா இருக்குது. அதத்தான் போட வந்தேன்."

கலைவாணன் ஸ்கேலை இறக்கவில்லை. ரத்தம் சொட்டும் கையை மடியில் போட்டுக்கொண்டு, சிவபாலன் இடது விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். பழைய கெர்னல் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் மிஷின் கடகடவென்று துளை போடத் தொடங்கியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கலைவாணனின் மனைவி சத்யப்ரியா, தம்பியின் விரல்களைப் பார்த்தாள். அவை வரையும் விரல்களாக இல்லை. அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் புருஷனிடம் திரும்பி வந்தாள்.

"மிஷினுக்குப் பழச அவன் எடுத்து வச்சிருந்தான். அவன் வெரலுக்கு நீ எங்கய்யா எடுத்து வச்சிருக்க?"

சிவபாலன் வரைந்து வைத்திருந்த யாளி முடிகிறவரை மிஷின் ஓடியது. பிறகு அடிப்பதற்கு டிசைன் இல்லாமல் நின்றுவிட்டது.