ஒச்சம்மா விரித்த வேட்டி

ஒச்சம்மா டிராக்டர் ஆயிலைத் திருடி வித்தாளா? யாருடி கண்டது? அவ பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்றேன், கேளு.

அவ திராட்சைத் தோட்டத்துல பவர் டில்லர் ஓட்டிப் பழகினவ. சுருளிப்பட்டி பங்களாவுல அம்புட்டுப் பெரிய புல்தரை. அதை வெட்ட முதலாளி சுந்தரலிங்கம் கேரளாவுல இருந்து பழைய சின்ன டிராக்டர் வாங்கியாந்தாக. ஓட்ட இவளை வச்சாக. வண்டி கழுவிப் பளபளன்னு நின்னுச்சு. விக்கிறவன் எதுக்கு இம்புட்டுக் கழுவணும்னு எனக்கு அன்னைக்கே சந்தேகம். இவுகளோ சந்தனம் பூசி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குனாக. வண்டிக்கு அடியில ஒருத்தரும் குனிஞ்சு பாக்கலை.

வாரா வாரம் இஞ்சின் ஆயில் குறைஞ்சுச்சு. "பாதி ஆயில் எங்க போகுது ஒச்சம்மா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாக. அந்தச் சிரிப்பு நல்லதுக்கில்லை.

அவ ஒருநாள் வேலை முடிஞ்சு வண்டியை நிறுத்துனதும், புருசனோட வெள்ளை வேட்டியை அதுக்கு அடியில விரிச்சுட்டு வந்தா. காலையில பாத்தா தோசை அகலத்துக்குக் கறுப்பா ஆயில் கறை.

முதலாளி குனிஞ்சு பாத்தாக. "இதையும் நீயே ஊத்தலைன்னு என்ன நிச்சயம்?"ன்னாக.

அவ வண்டிச் சாவியை அந்தக் கறை மேல வச்சா. செருப்பை மாட்டிக்கிட்டுப் பங்களா வாசலைத் தாண்டி வந்துட்டா.