ஜமீர் பேசி முடிக்கும்வரை

உத்திரமேரூர் பஜாரில் ஜமீரின் வண்டி எலக்ட்ரிக் கடை. செல்ஃப் எடுக்கவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை, ஹெட்லைட் ஒரு பக்கம் எரியவில்லை என்று யார் வந்து நின்றாலும் அவன் பதில் சொல்வதற்குள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி ஷப்ரீன் சொல்லிவிடுவாள். ஜமீருக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அதை அவன் மெல்ல விடுவிப்பதற்குள் எதிரே இருப்பவருக்கு அவசரம் வந்துவிடும்.

"பே... பே..." என்று அவன் ஆரம்பித்தால், "பேட்டரி வீக்காயிடுச்சாம்ணா, சார்ஜ் போட்டுப் பாக்கலாம்ன்றாரு" என்று முடித்துவிடுவாள் அந்த மகராசி. புருஷன் நாலு பேர் முன்னால் திணறக் கூடாது என்கிற பிரியம்தான். பாதி நேரம் அவள் சொல்வது சரியாகவும் இருக்கும். மீதி நேரம் ஜமீர் தலையை ஆட்டிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்துகொள்வான்.

ஊரே அப்படித்தான். ஒருவன் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றால், நாம் ஓடிப்போய் மூன்று வார்த்தையை அவன் கையில் திணிப்போம். உதவி செய்துவிட்டோம் என்கிற திருப்தி வேறு. இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அவன் மனசுக்குள் எவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் ரோடு இல்லாத இடமாகப் பார்த்து ஜீப் ஓட்டுவது. மூன்று ஜீப். ஒன்று ஜமீருடையது; உடைக்கப் போட்டிருந்த வண்டியை அவனே உயிர் கொடுத்து எழுப்பியது. இன்னொன்று காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஜெகநாதனுடையது. மூன்றாவது தானியேலுடையது. அவன் ஏனாத்தூரில் கல்லூரி லேபில் வேலை பார்க்கிறான். எனக்கு வண்டி கிடையாது. சோற்று மூட்டையோடு ஜமீர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது என் உத்தியோகம்.

இந்தக் கோடையில் ஜவ்வாது மலைக்குப் போவது என்று முடிவாயிற்று. அங்கே பாதி வழியில் செல்போன் செத்துவிடும். ஆகவே வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள வாக்கி டாக்கி வேண்டும். முன்னால் போகிறவன் பாதையைப் பார்த்து, பள்ளம் எங்கே, பாறை எங்கே என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். தரையைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்வதில் ஜமீரை மிஞ்ச எங்களில் ஆளில்லை. ஆனால் இத்தனை வருஷமும் அவன் வண்டி கடைசியில்தான் வந்தது. முன்னால் போகிறவன் பேச வேண்டுமே!

ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இந்த... இந்த வாட்டி நா முன்னால போவணும்டா."

அவன் வாயைத் திறந்து தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை.

தானியேல் முதலில் கொண்டுவந்தது, சென்னையில் ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கிய செட். அதில் எதையும் அமுக்க வேண்டாம். பேசினால் தானே திறந்துகொள்ளும், நிறுத்தினால் தானே மூடிக்கொள்ளும். ஜெகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏம்பா, இதான் நமக்கு! கை பாட்டுக்கு ஸ்டியரிங்ல கீது, வாய் பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கலாம்."

அவனுக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்தது போலத்தான் இருந்தது. பட்டுக்கடையில் ஒரு புடவைக்கு ஒன்பது கதை சொல்லிப் பழகிய வாய்.

செட்டைப் பரீட்சை பார்க்க வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கினோம். ஜமீர் கேட்டுக்கொண்டபடி அன்று அவனையே முன்னால் விட்டார்கள். வேலிக்காத்தான் புதரைத் தாண்டியதும் அவன் கண் இடது பக்கம் போயிற்று. மேலே காய்ந்த மண் வெடித்துக் கிடந்தது. அடியில் சேறு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இடது பக்கம்..." என்றான். அதோடு மூச்சு மாட்டிக்கொண்டது. அவன் பேசி முடித்துவிட்டதாக நினைத்து செட் வாயை மூடிக்கொண்டது. அந்த இடைவெளியில் ஜெகநாதன் புகுந்தான்.

"லெஃப்ட்டு தானே? இதோ வந்துக்கினே கீறேன்!"

"போவாத" என்று ஜமீர் முடிப்பதற்குள் ஜெகநாதனின் ஜீப் அச்சுவரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இழுவைப் பட்டை கட்டி இழுத்து வெளியே எடுப்பதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

"நீதானப்பா லெஃப்ட்டுன்னு சொன்ன?" என்று ஜெகநாதன் குதித்தான்.

தானியேல் குதிக்கவில்லை. தன்மையாகத்தான் சொன்னான். "மலைக்கு நான் முன்னால போறேன். ஜமீர் கடைசில வரட்டும். யாருனா மாட்டிக்கினா இழுக்கறதுக்கு அவன்தான் சரி."

அந்தத் தன்மைதான் ரொம்ப வலித்தது. ஜமீர் சேறு படிந்த பட்டையைக் கழுவிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் எந்த செட் வாங்குவது என்று பேச எல்லோரும் ஜமீர் கடையில் கூடினோம். தானியேல் விசாரித்து வந்திருந்தான். லைசென்ஸ் தேவைப்படாத செட்டாகத்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் பெரிய ரேஞ்ச் என்று சொல்லி விற்பதையெல்லாம் வாங்கினால் வம்பு. லைசென்ஸ் வேண்டாத செட்டிலேயே இரண்டு தினுசு இருந்தது. ஒன்று, ஜெகநாதனுக்குப் பிடித்த தானாகத் திறக்கும் செட். மற்றது பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவது; விரலை எடுக்கும்வரை மூடாது.

"ப... பட்டன்" என்றான் ஜமீர்.

"பட்டன் வேணாம்ன்றாரு" என்றாள் ஷப்ரீன்.

ஜமீர் பலமாகத் தலையை ஆட்டினான். "பட்டன்தான் வே... வேணும்."

ஜெகநாதன் விடவில்லை. "மலையில ஒரு கையில மைக்கு, ஒரு கையில ஸ்டியரிங்கா? கொண்டைஊசி வளைவுல இன்னா ஆவறது?"

கேள்வி நியாயமானது. ஏன் பட்டன் வேண்டும் என்று ஜமீரால் சொல்ல முடியவில்லை. திக்கலால் அல்ல, கூச்சத்தால். எழுந்து உள்ளே போய் ஒரு பழைய ஸ்கூட்டரின் ஹார்ன் சுவிட்சை எடுத்து வந்தான். ஸ்டியரிங் வளையத்தின்மேல் வைத்து, கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினான். மைக் பட்டனிலிருந்து இங்கே ஒரு ஒயர் இழுத்துவிட்டால் கையை எடுக்கவே வேண்டாம்.

தானியேல் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஜமீரைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "சரி, பட்டன் செட்டே வாங்கலாம். பாலாத்துல ஒரு வாட்டி ஓட்டிப் பாப்போம். நீ முன்னால போ, ஜமீரு. நல்லா வந்துச்சின்னா மலைக்கும் நீதான்."

மூன்று ஜீப்புக்கும் ஜமீரே சுவிட்ச் மாட்டினான். மாட்டும்போது செட்டுக்குள் இன்னொரு வேலையும் செய்தான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் இன்னொருவர் அமுக்கினால் பேச்சு போகாது, 'கீங்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். செட்டிலேயே இருக்கிற வசதிதான். அதைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவே.

"ஜெகா கிட்ட சொல்ல வேணாமா?" என்றேன்.

"வே... வேணாம். தானா தெ... தெரியும்" என்று சிரித்தான் திருடன்.

அந்த ஞாயிறு பழையசீவரம் பக்கம் பாலாற்றில் இறங்கினோம். அந்த ஊர் மலைக்கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஜெகநாதன் மனைவி பார்வதியும் கூடவே வந்திருந்தாள். அவளுக்குத் துணையாக ஷப்ரீனும் ஜெகநாதனின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

மணலில் புதையாதபடி டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஜமீரும் நானும் முதலில் போனோம். நாணல் புதரைச் சுற்றித் திரும்பியதும் பின்னால் நிற்கும் வண்டிகள் கண்ணுக்கு மறைந்தன. எதிரே வழவழவென்று ஈர மணல். சிமென்ட் தரை மாதிரி இருந்தது. நானாக இருந்தால் நேரே ஏற்றியிருப்பேன். ஜமீர் பிரேக்கை மிதித்தான். இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்தான். கணுக்கால்வரை உள்ளே போயிற்று. வலது கரை ஓரமாக நடந்து பார்த்து, ஜீப்பையும் அந்த வழியாக மெல்லக் கடத்தி அக்கரையில் நிறுத்தினான். பிறகு சுவிட்சில் கட்டைவிரலை வைத்தான்.

"நா... நா... நாணல்..."

நின்றுவிட்டது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. விரலை எடுக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் துடித்தது. மூட்டையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து முழுசாக வாயில் அடைத்துக்கொண்டேன்.

"நாணல் தாண்டினதும்... ஈ... ஈர மணல் கீது. பாக்க கெட்டியா இருக்கும். ஏ... ஏறாதீங்க. வலது பக்கம் கரை ஓரமா... என் ட... டயர் தடத்து மேலயே வாங்க. ரெண்டாவது கியர். ந... நடுவுல நிக்காதீங்க."

விரலை எடுத்தான். முகமெல்லாம் வியர்வை. செட்டில் ஜெகநாதன் குரல் வந்தது, அடங்கிப்போய்.

"கேட்டுச்சிப்பா. வரோம்."

இரண்டு வண்டியும் அவன் சொன்ன தடத்திலேயே வந்தன. ஒரு டயர்கூட புதையவில்லை. இறங்கியதும் பார்வதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நடுவுல பூந்து பேசப் பாத்தாருங்க. அமுக்கினா கீங், அமுக்கினா கீங்! ஸ்டியரிங்கையே குத்தறாரு!" ஜெகநாதனும் வெட்கத்தோடு சிரித்தான். ஷப்ரீன் சிரிக்கவில்லை. இதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டுவிட்டவள் மாதிரி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தானியேல் வந்து ஜமீர் தோளைத் தட்டினான். "மலைக்கு நீதான் முன்னால."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முறுக்குக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் போய் வந்தபின், வாலாஜாபாத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மாஸ்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஜமீரிடம் வந்ததும் ஷப்ரீன் பழக்க தோஷத்தில் "அவருக்கு டீ, சக்கரை..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"கா... கா... காபி."

ஷப்ரீன் கையை எடுத்தாள். "காபியா? கல்யாணம் ஆனதுலேர்ந்து டீ தானே குடிச்சிக்கினு கீறீங்க!"

"நீ... நீதான் சொ... சொல்லிடுவியே" என்றான் ஜமீர்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கத் தெரியாமல் மாஸ்டர் பக்கம் திரும்பி, "நல்லா டிகாஷன் தூக்கலா போடுங்கண்ணா" என்றாள்.

காபி வந்தது. ஜமீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மலைப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எங்கே காற்றைக் குறைப்பது, எந்த ஏற்றத்தில் எவ்வளவு இடைவெளி விடுவது, யார் இறங்கி நின்று வழி காட்டுவது என்று ஒவ்வொன்றாக. இடையில் பல தடவை மாட்டிக்கொண்டான், பல தடவை தானே மீண்டு வந்தான். கையில் எந்தச் சுவிட்சும் இல்லை. ஆனாலும் அவன் முடிக்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஜெகநாதன் உட்பட.