அரிசிக்கு வைத்திருந்த கட்டைவிரல்

ஐந்து நாட்கள் அந்த ஊர் என்னைத் திருடி என்று நினைத்தது. யாரும் என் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கும்போது வழக்கமாகக் கை கொடுக்கிற பெண்கள், அந்த நாட்களில் இறாலைத் தரம் பிரிப்பதில் தலை நிமிராமல் இருந்தார்கள். அவ்வளவுதான். நான் திருடியதாக அவர்கள் நம்பியது பத்தொன்பது குழந்தைகளின் கைகளை.

பழவேற்காட்டிலிருந்து படகில் போகவேண்டிய தீவுக் கிராமம் அது. பெயர் வேண்டாம். எனக்கு வீடு பொன்னேரியில். காலையில் பஸ், பிறகு படகு, பிறகு மழைக்காலமென்றால் கணுக்கால் சேற்றில் நடை. பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே ஆசிரியை, அது நான். பெரிய வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டார்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார்கள். ஏதோ அறக்கட்டளை என்றார்கள். பெட்டிக்குள் கலர் பாட்டில்கள், சார்ட் தாள்கள், பிரஷ்கள், குழந்தைகள் பிடிக்கிற மாதிரி முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள். நான் சந்தோஷப்பட்டேன். அதுவரை என் ஓவிய வகுப்புக்கு உடைந்த கிரேயான்களும் பழைய நோட்டின் பின்பக்கங்களும்தான்.

"கொழந்தைங்க கையால தொட்டு செய்யணும் மேடம். கைய வெச்சு ஏதாவது செய்ய வைங்க. செஞ்சிட்டு போட்டோ மட்டும் அனுப்பிடுங்க," என்றார் அவர்களில் மூத்தவர்.

போகும்போது வகுப்புப் பட்டியலின் நகல் கேட்டார்கள், அப்பா பெயரோடு. தலைமை ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் நாலு சார்ட் தாள்களை ஒட்டி ஒரே பெரிய தாளாக்கித் தரையில் விரித்தேன். உள்ளங்கையில் கலரைத் தடவி, விரல்களை ஒருபக்கமாகச் சேர்த்து அழுத்தினால் மீன். உள்ளங்கை உடம்பு, விரல்கள் வால். பிறகு ஒரு கண் வரைந்தால் போதும். அறை முழுக்க ஒரே கத்தல். "எம்மீனு மடவை!" "எம்மீனு கெழங்கா!" என்று அவரவர் மீனுக்கு அவரவரே பெயர் வைத்தார்கள். ஒரு பையன் இரண்டு கையையும் சேர்த்து அழுத்தி அதை நண்டு என்றான்.

ஒரு சிறுமி மட்டும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு நாலு விரலை நீட்டினாள். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. அதிகம் பேசாதவள்.

"விரல நீட்டும்மா. வாலு முழுசா வரட்டும்."

"கட்ட வெரலு வேணாம் டீச்சர்."

"ஏன்?"

"அது அரிசிக்கு."

நான் சிரித்தேன். குழந்தைகள் என்னென்னவோ சொல்வார்கள். மடங்கியிருந்த விரலை நானே மெதுவாகப் பிரித்து, சிவப்புக் கலரைத் தடவி, தாளில் வைத்து அழுத்தினேன். அவள் எதிர்க்கவில்லை. வகுப்பு முடிந்து மற்றவர்கள் கை கழுவிவிட்டு ஓடிய பிறகும் அவள் அடிபம்பு மேடையிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பத்தொன்பது பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள். காய்ச்சல் ஏதாவது பரவுகிறதோ என்று வந்த குழந்தைகளைக் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்கள். பதினோரு மணிக்கு அந்தச் சிறுமியின் அம்மா வந்து வாசலுக்கு வெளியே நின்றார். ஏரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். இடுப்புவரை புடவை நனைந்திருந்தது.

"டீச்சர், ஒரு நிமிசம் வெளில வாங்க."

"உள்ள வாங்கக்கா."

"உள்ள வரல. எம்பொண்ணு கைய இன்னாத்துக்கு எடுத்தீங்க?"

"எடுக்கலக்கா. கலர் தொட்டு மீன் செஞ்சோம். பாருங்க, செவுத்துல ஒட்டியிருக்கேன்."

அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். நான் சார்ட்டின் அருகே போய் அவர் மகளின் மீனைத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொரு மீனுக்குக் கீழேயும் குழந்தையின் பெயரை எழுதியிருந்தேன். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று எல்லாருக்கும் அப்பா பெயரையும் சேர்த்திருந்தேன்.

"அதுல இன்னா எழுதிருக்குது?"

படித்துக் காட்டினேன். அவர் முகம் இறுகியது.

"பேரும் போட்டு, நைனா பேரும் போட்டு, கையும் வாங்கிகினு, மீனுன்றீங்க."

அவர் சொன்ன வரிசையில் கேட்டபோது எனக்கே அது மீன் மாதிரித் தெரியவில்லை.

"போட்டா புட்ச்சீங்களா?"

"ஆமாக்கா."

"யாருக்கு அனுப்ச்சே?"

'நீங்க' அங்கே 'நீ' ஆகிவிட்டது. கலர் கொடுத்தவர்களுக்கு என்றேன். அவர்கள் எந்த ஊர், எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகுதான் அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து என்னிடம் நீட்டினார். அந்த ஊர்ப் பெண்கள் வலை இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். அவர் விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருந்தன. ரேகையே இல்லை.

"ரேசன் கடை மிஷின்ல என் வெரலு வுழாது. அவங்க நைனாவுக்கும் வுழாது. நம்பரு வர்ற போன வேற அவரு ஏரிக்கு எடுத்துகினு பூடுவாரு. வூட்ல அவ ஒருத்தி கட்ட வெரல வெச்சாதான் அரிசி. உங்கிட்ட சொன்னாளா இல்லியா?"

"சொன்னா."

"கலரு போவலன்னு செமிட்டு தரைல தேச்சி தேச்சி தோல உரிச்சிகினு வந்து நிக்கிறா. சனிக்கெழம கடைக்கு இட்னு போனேன். மிஷினு வேணாம்னு சொல்லிட்சி."

வெறும் பையோடு திரும்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. டீச்சர் பசங்க ரேகையை எடுத்துவிட்டாள், இனி மிஷினில் விழாது என்று சிலர். ரேகையை யாருக்கோ அனுப்பிவிட்டாள் என்று சிலர். அவர்கள் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. முந்தின வருடம் நிவாரணம் என்று சொல்லி யாரோ வந்து, வெற்றுத்தாளில் வீட்டுக்கு ஒரு கைநாட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சில மாதம் கழித்து நடந்த ஒரு கூட்டத்தில், கரையோரத்தை அளப்பதற்கு இந்த ஊர் முழுவதும் சம்மதித்திருக்கிறது என்று ஒரு தாளைப் படித்தார்களாம்.

"நாங்க எப்பொ ஒத்துக்கினோம்னு கேட்டா, இதோ உங்க கைன்னு காட்டறாங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா திரும்பி நடந்தார்.

மதியம் தலைமை ஆசிரியரிடம் போனேன். "அந்த சார்ட்ட கழட்டிடும்மா. ரெண்டு நாள்ல சரியாப்பூடும்," என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். எப்போதும் அப்படித்தான் பேசுவாரோ, அன்றைக்குத்தான் அப்படிப் பேசினாரோ என்று யோசித்தபடி படகில் உட்கார்ந்திருந்தேன். பட்டியலைக் கொடுத்தது அவர். அவர் மேஜைமேல் இருந்த புதுப் பேனா ஸ்டாண்ட் அந்த ஆட்கள் கொண்டுவந்ததா? சந்தேகம் ஒரு வகையான கண்ணாடி. ஒருமுறை போட்டுக்கொண்டால் பேனா ஸ்டாண்ட்கூடக் குற்றவாளியாகத் தெரிகிறது.

மறுநாள் அந்த மூத்தவருக்குப் போன் செய்தேன். போட்டோ அருமையாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, "நீங்களே கூப்பிட்டது நல்லதாப் போச்சு மேடம். ஒரு பாரம் அனுப்பறேன். பொருள் வாங்கினதுக்கு பெற்றோர் கையெழுத்து வேணும். எழுதத் தெரியாதவங்க ரேகை வெச்சா போதும்," என்றார்.

பாரம் போனுக்கு வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெறப்பட்ட பொருட்களின் விவரம். இரண்டாம் பக்கத்தில் மேலே வெறுமை. கீழே மட்டும் பத்தொன்பது கட்டங்கள், அவற்றுக்கு எதிரே பத்தொன்பது அப்பாக்களின் பெயர்கள், அச்சிட்டபடி.

மறுபடி கூப்பிட்டேன். "ரெண்டாவது பக்கத்துல மேல ஏன் சார் ஒண்ணும் இல்ல?"

"அது பார்மாலிட்டி மேடம். பின்னாடி டைப் பண்ணிக்குவோம்."

"என்ன டைப் பண்ணுவீங்க?"

"ஒரு டீச்சர் இவ்ளோ கேள்வி கேக்கறது இதான் மொத தடவ," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாரத்தைப் பொன்னேரியில் அச்செடுத்துக்கொண்டு போனேன். வந்திருந்த ஏழு குழந்தைகளிடம், தாய்மார்களை வரச்சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பதினைந்து பேர் வந்து, வகுப்பறைத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். நான் பாரத்தை எழுத்து விடாமல் படித்தேன். வெற்றிடம் வந்தபோது, "இங்க ஒண்ணுமே எழுதல," என்று சொல்லி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். நான் செய்த தப்பையும் சொன்னேன். பட்டியல் போனது, போட்டோ அனுப்பியது, அந்தக் குழந்தை வேண்டாம் என்று சொன்ன பிறகும் விரலைப் பிரித்தது.

நல்லவள் என்று நம்பிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர்கள் நம்பவில்லை.

"இப்பொ இத்த படிச்சி காட்டறதுக்கு எவன் சொன்னான்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "டீச்சரு உஷாரு. மாட்டிக்கினம்னு தெரிஞ்சதும் நம்ம பக்கம் வருது," என்றார்.

சிறுமியின் அம்மா எழுந்தார். பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் சிவப்புக் கலர் பாட்டிலையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீ மொதல்ல கைய வை. ரெண்டு கையும். கீழ உன் பேரு, உங்க நைனா பேரு எழுது."

தாளைப் பார்த்தேன். வெற்றுத் தாள். இதை என்ன செய்வார்கள்? யாரிடம் காட்டுவார்கள்? மேலே யாராவது ஏதாவது எழுதிவிட்டால் என் வேலை என்னாகும்? இவ்வளவும் ஒரு நொடிக்குள் மனதில் ஓடியது. என் கை மடியிலேயே இருந்தது. பதினைந்து பேரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, உனுக்கும் பயமாத்தான் கீது," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

நான் கலரைத் தடவி இரண்டு கைகளையும் பதித்தேன். பெயர்களை எழுதினேன். அவர் தாளை விசிறிக் காயவைத்து, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பெண்கள் எழுந்து சார்ட்டைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். மழுங்கல் கத்தரிக்கோல்கள் தாளை மென்றன. அதனால் மீன் ஆயும் கத்தியால் கீறி, அவரவர் பிள்ளையின் கையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். வராத நாலு பேரின் கைகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். கடைசியில் பத்தொன்பது ஓட்டைகளோடு ஒரு நீலத் தாள் தரையில் கிடந்தது. வெட்டியெடுத்ததை அவர்கள் அடுப்பில் போட்டார்களா, டிரங்குப் பெட்டியில் வைத்தார்களா, நான் கேட்டதில்லை.

மறுநாள் கலர் பெட்டியை, பாரத்தோடு சேர்த்து, அதில் அச்சிட்டிருந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அவர்கள் உண்மையிலேயே ஏமாற்றுக்காரர்களா, இல்லை வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாத நல்ல மனிதர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியல் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியாது. தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேட்டேன். "அவங்க கேட்டாங்க, குடுத்தேன்," என்றார். அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

சிறுமியின் விரலில் புதுத்தோல் வர இரண்டு வாரம் ஆனது. ரேஷன் கடைக்கு நானும் கூடப் போனேன். முதல் தடவை மிஷின் ஏற்கவில்லை. அவள் விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் அம்மா பையை விரித்துப் பிடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

குழந்தைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஓவிய வகுப்புக்குக் கலரே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஏரிக்கரைக் களிமண், கிளிஞ்சல், அறுந்த வலைத் துண்டுகள், மரக்கரி. எதிலும் யார் பெயரும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அந்த அம்மா வந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். வகுப்பு முடியும்வரை என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அவர் வராதபோது ஏன் வரவில்லை என்று வாசலைப் பார்த்தேன்.

மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் குழந்தைகளுக்குக் களிமண்ணில் நண்டு செய்யக் காட்டிக்கொண்டிருந்தேன். எட்டுக் காலையும் ஒரே மாதிரி உருட்டி ஒட்டினேன். வாசலில் இருந்து, "அய்ய, இது இன்னா நண்டு? கடைசி காலு ரெண்டும் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கணும். இல்லன்னா எப்டி நீந்தும்?" என்று குரல் வந்தது. அந்த அம்மா உள்ளே வந்து குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். ரேகையில்லாத அந்த விரல்கள் களிமண்ணை நாலு தட்டுத் தட்டின. கொடுக்கை மடக்கி, ஓட்டின் ஓரத்தில் முள் கிள்ளி, கண் இரண்டைத் தூக்கிவைத்தார். உயிருள்ள நண்டு. குழந்தைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அவர் மகள் மட்டும் என்னைப் பார்த்தாள், பெருமையாக.

"இத்த எங்க அனுப்புவே?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்லக்கா."

"போட்டா?"

"இல்ல."

தலையை ஆட்டினார். பிறகு நண்டைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஒரே அழுத்தில் நசுக்கி உருண்டையாக்கி, களிமண் டப்பாவில் போட்டுவிட்டு, கை கழுவப் போனார்.