பின் ஸ்பீக்கரில் நின்றவன்

என் மனைவி தன்னைவிட மூத்த ஆண்கள் எல்லோரையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். கோயில் கதவைத் திறக்கிறவர் அண்ணை. வெம்பிளியில் மீன் வெட்டித் தருகிறவர் அண்ணை. தெருவில் வழி கேட்கிற முன்பின் தெரியாத தமிழரும் அண்ணைதான். ஒருவனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவன் மோர்டனில் இருக்கிறான். அவளைவிட மூத்தவன்தான். கலியாணம் கட்டிப் பிள்ளைகள் பெற்று, தலை வழுக்கையாகி, கணக்காளராக வேலை பார்க்கிறான். எனக்கு அவனைக் கண்ணில் காட்டக்கூடாது. அவன் செய்த குற்றம் என்னவென்றால், எங்கள் கலியாணத்துக்கு முன்பு என் மனைவியோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினான்.

சினிமாப் பாட்டென்று நினைக்க வேண்டாம். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கோயிலில் பசாம் பாடுவார்கள். இயேசு பட்ட பாடுகளை இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று, ஒரு பக்கம் கேட்க மறு பக்கம் பதில் சொல்வதாகப் பாடுவது. லண்டனில் எங்கள் ஆட்கள் பாடியதைக் கேட்ட ஒரு வெள்ளைக்காரர், ஒலிப்பதிவு அவர் தொழில், இதைப் பதிவு செய்யாமல் விடமாட்டேன் என்று நின்றார். அதில் ஒரு பாட்டு இரண்டு பேருக்கு மட்டும் உரியது. சிலுவையடியில் தாய் கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான். தாயாக இவள், மகனாக அவன். இவளைப் பீடத்துக்குக் கிட்ட நிறுத்தி, அவனைக் கோயிலின் பின்பக்கம் வாசலுக்கு மேலே இருக்கிற பாடகர் மாடத்தில் ஏற்றிவிட்டாராம். தாய்க்கும் மகனுக்கும் இடையில் உனக்கென்ன எரிச்சல் என்று கேட்பது நியாயம்தான். ஆனாலும் எரிச்சல் இருக்கிறது.

அந்தப் பதிவு உயர்தர இசைத்தட்டாக வெளிவந்தது. பாடினவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தவக்காலம் தொடங்கினால் ஹரோவில் அந்தத் தட்டில் ஏறி அவன் எங்கள் குசினிக்குள் வந்து குந்திவிடுவான். மனைவி சோறு வடித்துக்கொண்டே கேட்பாள். அவன் தூரத்தில் நின்று பாடியதால் சத்தம் கொஞ்சம் குறைவு. அவன் முறை வரும்போது ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து சத்தத்தைக் கூட்டுவாள். நான் ஹோலில் இருந்து பல்லைக் கடிப்பேன். எனக்குப் பாட வராது. பூசையில்கூட வாயை மட்டும்தான் அசைப்பேன்.

என்னோடு அலுவலகத்தில் ஒரு மலேசியத் தமிழர் இருக்கிறார். இங்கே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பாட்டுக் கேட்கிற சாமான்களில் பைத்தியம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இந்தத் தட்டைப் பற்றிச் சொன்னேன், எரிச்சலை விட்டுவிட்டு மற்றதெல்லாம்.

"அந்த மாதிரி தட்டுல முன்னுக்கு உள்ள சத்தமும் பின்னுக்கு உள்ள சத்தமும் தனித்தனியா இருக்கும் அண்ணே. வீட்டுலயே கழட்டி கோப்பா எடுத்துடலாம். பின்னால நின்ன ஆளு பின் ஸ்பீக்கர்லதான் இருப்பாரு. அத மூடிட்டா அவரு இல்ல."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அன்று முழுக்க வேலை பார்க்கவில்லை. அவரு இல்ல, அவரு இல்ல என்று அதுவே காதில் நின்றது. என் மனைவியின் குரல் மட்டும் உள்ள ஒரு பாட்டு. அதைச் செய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் மகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டால் வீடு எனக்கு. மனைவிக்கு ஷிப்ட். தட்டைக் கணினியில் போட்டேன். பாட்டுகள் சுலபமாக இறங்கின. முன்னும் பின்னும் பிரிக்க வேண்டுமென்று ஒரு மென்பொருளில் கொடுத்தேன். பெரிய பெரிய கோப்புகளாக வந்தன. ஆசை ஆசையாகப் பின் ஸ்பீக்கரை மட்டும் திறந்து கேட்டேன். அவன் பாடினான். பிறகு அதே இடத்தில், அவனுக்குப் பக்கத்தில், என் மனைவியும் பாடினாள்.

பீடத்தடியில் நின்றதாகச் சொன்னவள் மேலே அவனோடு என்ன செய்தாள்? அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டேன்.

"பாட்டு எடுத்த அண்டைக்கு நீர் மேலை மாடத்துக்கு ஏறினனீரோ?"

"உங்களுக்கென்ன பிடிச்சிருக்கு? அது பலகைப் படி. ஏறினால் எனக்குத் தலை சுத்தும் எண்டு தெரியாதோ?"

"அப்ப ஏறேல்லை?"

"இஞ்சருங்கோ, நான் விடிய வெளிக்கிட்டு நிண்ட நிலையிலை வேலை செய்துபோட்டு வாறன். முதல் ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ."

தேத்தண்ணி போட்டேன். சந்தேகம் போகவில்லை. திங்கட்கிழமை கோப்பை மலேசியக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அண்ணே, இந்த தட்டுல ரெண்டு அடுக்கு இருக்கு. நீங்க எடுத்தது மேல் அடுக்கு லா. சாதா சீடிக்கு உள்ளது. முன்னும் பின்னும் தனியா உள்ளது அடியில, அத நீங்க தொடவே இல்ல. கம்ப்யூட்டர் அத பாக்கவே பாக்காது. இருக்கிறத பிச்சி நாலு பக்கமும் தெளிச்சி விட்டிருக்கு, அவ்வளவுதான்."

தெளித்துவிட்டதற்காக நான் வீட்டில் விசாரணை வைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் மாடத்தில் ஏறவில்லை என்பதில் நெஞ்சு குளிர்ந்தது.

அடி அடுக்கைப் படிக்கச் சில பழைய புளூரே பிளேயர்களால்தான் ஏலும் என்றார். ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். பென்டிரைவில் சின்ன நிரல் ஒன்றை ஏற்றிச் செருகினால் தட்டு வைக்கிற தட்டம் தானாக வெளியே வர வேண்டும். வந்தால் வெற்றி, தட்டில் உள்ளது வயர் வழியாக மடிக்கணினிக்குள் இறங்கத் தொடங்கும். எனக்குச் சில சனிக்கிழமைகளாகத் தட்டம் வரவேயில்லை. வந்த அன்று பாட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி, சரியாக இந்தப் பாட்டில் வந்து நின்றுவிட்டது. தட்டைத் திருப்பிப் பார்த்தேன். குசினிக்குள்ளேயே பாவித்த தட்டு, ஓரமெல்லாம் கீறல். துடைத்துப் போட்டேன், கழுவிப் போட்டேன், அசையவில்லை. கீறல் இல்லாத தட்டு யாரிடம் இருக்குமென்று எனக்குத் தெரியும். அவனை அழிக்க அவனிடமே போய்க் கையேந்த வேண்டிய கேவலம் வந்தது.

மோர்டனில் அவன் வீடு வடிவாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, பாக்கிங் கிடைச்சுதோ?" என்றான். என்னை அண்ணை என்கிறான். அவன் மனைவி மீன் வைத்த பற்றிஸ் சுட்டுத் தந்தா. தட்டைக் கேட்டதும் ஏன் எதற்கென்று கேட்காமல் எடுத்து வந்தான். புதிதாக வாங்கியது போல் கிடந்தது.

"நீர் போட்டுக் கேக்கிறேல்லையோ?"

"என்ரை குரலை எனக்கே கேக்க ஏலாது அண்ணை. அவ பாடினதுக்காகத்தான் கவனமா வைச்சிருக்கிறன். அவ மாதிரிப் பாட இஞ்சை ஆர் இருக்கினம்?"

தன் மனைவிக்கு முன்னாலேயே சொன்னான். அவவும் ஓம் ஓம் என்று தலையாட்டினா. கள்ளமில்லாமல் சொன்னான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பற்றிஸைப் பாதியில் வைத்துவிட்டுத் தட்டோடு வெளிக்கிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் தட்டைப் போட்டேன். தட்டம் வெளியே வந்தது, பாட்டும் தடங்கலில்லாமல் முழுதாக இறங்கியது. பின் ஸ்பீக்கரைத் திறந்தேன். அவன் தனியாக நின்றான், சுற்றிலும் கோயிலின் வெறுமை. மூடினேன். முன்னால் என் மனைவி. அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அவன் முறைகளில் முன் மைக்குக்கும் கொஞ்சம் ஒழுகியிருந்தான், பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு. அந்த இடங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து மௌனமாக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

மனைவி மத்தியானம் வந்து கறிக்கு லீக்ஸ் வெட்டத் தொடங்கினாள். நான் பாட்டைப் போட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்றேன். பாட்டில் தாய் முதல் கேள்வியைக் கேட்டாள். பிறகு மௌனம், நான் வேலை மினக்கெட்டுச் செய்த மௌனம்.

"என்ன, நிண்டுட்டுதோ?"

"இல்லை. வடிவாக் கேளும்."

தாய் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். திரும்பவும் மௌனம். அவள் கத்தியை வைத்தாள்.

"அவற்றை குரல் எங்கை?"

"எடுத்துப்போட்டன். உம்மடை குரல் மட்டும்தான் இது. எனக்கு அதுதான் வேணும்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. கேலியும் செய்யவில்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னாள்.

"அப்ப அந்த இடத்தை நீங்கள் பாடுங்கோ. எப்பிடியும் பரவாயில்லை. நான் கேக்கிறன்."

தாய் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு தவக்காலமும் கேட்ட பாட்டு. அவளுடைய வரிகள் எனக்கு மனப்பாடம். மகனின் வரிகளில் ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. அவன் பாடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன் எங்கே கேட்டேன்?

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு லீக்ஸின் பக்கம் திரும்பி, கத்தியை எடுத்து, அந்த மௌனத்துக்குள் அவனுடைய பதிலைத் தானே பாடினாள், ஒரு சொல் பிசகாமல், அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து.