ஓடிய இன்ஜினுக்குச் சாவி போட்டவர்

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரும்பை இரும்பு கடித்துத் துப்புவது போல, கர்ர்ரக்கென்று ஒரு தடவை. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒரு தடவை, இன்னும் நீளமாக.

சற்று முன்புதான் விளக்குகள் அணைந்திருந்தன. ஆனால் ஜெனரேட்டர் நிற்கவில்லை. பாரம் இறங்கிய வண்டி மாதிரி சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்குக் கேட்டது. அடுத்த அறையில், அதன் பக்கத்திலேயே நிற்கும் அவள் கணவனுக்குக் கேட்கவில்லை. அந்த மலையுச்சி மருத்துவமனையின் ஜெனரேட்டர் ஆபரேட்டருக்குக் காது கேட்காது என்பது, உலகத்தில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாவுக் கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்தது. பனிக்காற்று முகத்தில் அறைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஜெனரேட்டர் அறைக்குள் நுழைந்தபோது, அவன் குனிந்து மூன்றாவது தடவையாகச் சாவியைத் திருகப் போனான். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். டார்ச்சைத் தன் வாய்க்கு நேராகக் காட்டினாள்.

"ஏங்க! ஓடிக்கிட்டுதாங்க இருக்கு!"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். பிறகு இன்ஜினைப் பார்த்தான். "நின்னுபோச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றான்.

அவனுக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. வருஷக்கணக்காக அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது. காது போன இடத்தில் கை வந்து உட்கார்ந்தது. இன்ஜினின் அடிக்கட்டையில் உள்ளங்கையை வைத்தால் போதும், அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவான். மிச்சத்தை அவள் பார்த்துக்கொண்டாள். சமையலறைச் சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியாக ஒரு கயிறு. மறுமுனையில், அவன் கண்ணெதிரே தொங்கும் சிவப்புத் துணி. சத்தம் மாறினால் அவள் கயிற்றை இழுப்பாள், துணி குதிக்கும். "பொண்டாட்டி கயித்த இழுத்தா ஓடி வர்ற புருஷன் நான் ஒருத்தன்தான்" என்று அவன் சிரிப்பான்.

அன்றைக்கு இருட்டில் துணி தெரியவில்லை. கையும் ஏமாற்றியது. புகைக்குழாய் வாயைப் பனி அடைத்துவிட்டதென்று கூரை மேல் ஏறி, நனைந்த கையுறையோடு வெகுநேரம் வெட்டிக்கொண்டிருந்தான். இறங்கும்போது விரல்கள் மரக்கட்டையாகியிருந்தன. அந்த நேரம் பார்த்து, பனி சுமந்த வெளிக்கம்பி ஒன்று அறுந்து விழ, பிரேக்கர் சுவிட்ச் தானாக இறங்கி மருத்துவமனை முழுக்க விளக்கு போனது. உள்ளே, முந்தின நாள் பிறந்த ஒரு குழந்தையை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அவன் பதறிப்போய் இன்ஜின் மேல் கை வைத்தான். கையில் எதுவும் தெரியவில்லை. சாவியைத் திருகிவிட்டான்.

அறுந்த லைனைப் பிரித்துவிட்டு பிரேக்கரைத் தூக்கினான். விளக்கு வந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டரின் பற்கள் சிதறித் தரையில் கிடந்தன.

"இனி நிறுத்தினா மறுபடி எடுக்காது" என்றான்.

பனி மூடிய மலைப்பாதை திறக்கிற வரை அந்த இன்ஜினை அவர்கள் நிற்கவிடவில்லை. குளிரில் டீசல் மெழுகாக உறைந்து ஃபில்டரை அடைக்கப் பார்த்தது. அவள் வெந்நீர் வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் துணியை நனைத்து நனைத்து ஃபில்டர் மேல் சுற்றினான். ஓடுகிற இன்ஜினுக்கே ஆயில் ஊற்றினான். அவன் படுத்தால் அவள் உட்கார்ந்து கேட்டாள். இருவரும் அதிகம் பேசவில்லை. வேலை போனால் இந்த வீடு போகும், வீடு போனால் போக்கிடம் இல்லை என்பதைப் பேச என்ன இருக்கிறது? தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பாதை திறந்ததும் இன்ஜினியர் புது ஸ்டார்ட்டரோடு வந்தார். வயதில் சின்னவர். இருவரையும் அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவார். மாட்டி முடித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, இவர்களுக்கு முதுகைக் காட்டிக் கை கழுவினார்.

"அண்ணே, பல்லெல்லாம் சீவிவிட்ட மாதிரி இருக்கே. ஓடுற இன்ஜினுக்கு யாருண்ணே சாவி போட்டது?"

அவனுக்கு அவர் உதடு தெரியவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"நான்தான் தம்பி" என்றாள் அவள்.

"நீங்களா? உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது அண்ணி?"

அவள் கையிலிருந்த தம்ளர் மேசையில் மெல்ல உட்கார்ந்தது.

இன்ஜினியர் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "போன தடவையே தெரியும் அண்ணி. நர்சம்மாவுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கல. இந்தத் தடவையும் பழைய மெஷின், பல்லு தேஞ்சுபோச்சுன்னு கீழ ஆபீஸ்ல சொல்லிடுறேன். ஆனா அண்ணன் இனி சாவியத் தொடக் கூடாது. அடுத்த தடவ ஹீட்டர் பக்கத்துல யாரு கெடப்பாங்களோ."

"வேற ஆள் வருவாங்களா?"

"இந்தக் குளிருக்கு எவன் வருவான்? வந்தா இந்த வீடு அவனுக்கு."

அவள் சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். "இத்தன வருஷமா இதுக்குக் காது நான்தான் தம்பி. சாவியும் என்கிட்டயே இருக்கட்டும்."

இன்ஜினியர் யோசித்தார். "ஒத்துக்குவாங்கன்னுதான் தோணுது. பேசிப் பார்க்கிறேன். ஆனா அண்ணன்கிட்ட இத நான் எப்படிச் சொல்றது?"

சொல்லத் தேவை இருக்கவில்லை. அவன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக அது உரசிய இடத்தில் தோல் கறுத்துப்போயிருந்தது. சாவியை அவள் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"காதுதான் போச்சு சார். கண்ணு இருக்கு" என்றான்.

இன்ஜினியர் தேநீரைக் குடிக்காமலே கிளம்பினார். அவன் தோளில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொன்னாலும் கேட்காது என்று நினைவு வந்தவர் போல, தலையை மட்டும் அசைத்தார்.

"இனி நான் எதை இழுக்கணும்?" என்று அவன் அவளைக் கேட்டான். பழைய சிரிப்பை வரவழைக்கப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இருவருக்கும் வரவில்லை. அவன் விரல்நுனிகளில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. மேசைக்கட்டையை அவை சும்மா தடவிக்கொண்டிருந்தன.

அவள் இன்ஜினியரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். "வரேன் அண்ணி" என்றார். "வாங்க தம்பி" என்றாள். சாவி அவள் கைக்குள் இருந்தது, அவன் உடம்புச் சூடு இன்னும் ஆறாமல். வண்டி கிளம்பிப் போகும்வரை நின்றாள். பிறகு குளிர் உள்ளே வராதபடி கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.